எக்ஸ்சேஞ்ச் அக்காவும் ஒட்டுக்காதும்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குள் யாருக்கு என்ன ஆனாலும் முதலில் தெரிவது அவளுக்குத்தான். ஆனால் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வராது. தரைத்தளத்தில் லிஃப்டுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. இரண்டு நாற்காலி, இரண்டு பலகை, பலகை முழுக்க விளக்கும் பொத்தானும். அதுதான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் அவள் குரலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். முப்பது வருஷத்துக்குக் கிட்ட அதே நாற்காலி. எல்லோருக்கும் அவள் எக்ஸ்சேஞ்ச் அக்கா. பெரிய டாக்டர் அவளைவிட வயதில் மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். சிலருக்குப் பெயர் அப்படி அமைந்துவிடுகிறது, என்ன செய்வது!

இணைப்பைக் கொடுத்த பிறகு லைன் ஒழுங்காகச் சேர்ந்ததா என்று ஒரு நொடி காது கொடுப்பாள். சேர்ந்ததும் விலகிவிடுவாள். அந்த ஒரு நொடியில் காதில் விழுவதே ஒரு லாரி பாரம் இருக்கும். எந்த டாக்டர் எந்த டாக்டரோடு பேசுவதில்லை, யார் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள், எல்லாம் தெரியும். எல்லாம் அவளோடு நின்றுவிடும். கேன்டீனில் நாலு பேர் சேர்ந்து அவள் வாயைக் கிளறிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் பெயரவில்லை.

இன்னொரு திறமையும் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுகிறவர்களில் பாதிப் பேர் பதறிப்போய்த்தான் பண்ணுவார்கள். "ஹலோ, அந்த... குழந்தைங்களுக்கு... இந்தக் கையில கட்டு..." என்று தடுமாறும்போதே, "குழந்தைகள் எலும்பு வார்டு, இதோ தர்றேன்" என்பாள். வராத வார்த்தையை எடுத்துக் கொடுப்பது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. யோசித்துச் செய்வதில்லை. எதிர்முனையில் ஒரு தடுமாற்றம் கேட்டால் அவள் நாக்கு தானாக அந்த இடத்தை நிரப்பிவிடும்.

இப்படி நாளெல்லாம் பேசுகிறவள் வீட்டுக்குப் போனால் வாயே திறக்க மாட்டாள். அதற்கும் சேர்த்துப் பேச வீட்டில் ஒருவர் இருந்தார். அவள் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அவர் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்து, அந்தப் பாதிப் பேர் மீதிப் பேரை இடித்துவிடாமல் காப்பாற்றியது அந்தப் பிரேக்தான் என்று சொல்லிக்கொள்வார். அதனால் பிரேக் மாஸ்டர் என்றே பெயர். காலுக்குப் பிரேக் உண்டே தவிர வாய்க்குக் கிடையாது. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மனைவிக்குப் போன் பண்ணுவது வழக்கமாகிவிட்டது. அவள் டப்பாவைத் திறந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுவாள். அவர் காலையில் வந்த ஆட்களைப் பற்றிச் சொல்லுவார். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் ஹாரன் அடித்த அம்மாள், ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத வக்கீல் என்று ஆளுக்கொரு கதை. அவள் "ம்" போடுவாள். சாப்பாடு முடியும், கதையும் முடியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஒட்டுக்காது வந்தது.

ஞாபக மறதிப் பிரிவுக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். சின்ன வயது, எப்போதும் ஓட்ட நடை. அவர் ஒரு செயலியைக் கொண்டுவந்தார். போனில் போட்டுக்கொண்டால், தினம் நாம் தேர்ந்தெடுக்கிற ஒரு பேச்சை அது கேட்கும். என்ன பேசுகிறோம் என்பது அதற்கு வேண்டாம். எப்படிப் பேசுகிறோம், எங்கே தயங்குகிறோம், எந்த வார்த்தைக்காகத் தேடுகிறோம், சொன்னதையே சொல்கிறோமா என்று மாதக்கணக்கில் கவனித்து, மூளை லேசாகச் சோர ஆரம்பித்தால் முன்கூட்டியே சொல்லிவிடுமாம். முதலில் ஆஸ்பத்திரி ஊழியர்களிடமே பரிசோதிக்கலாம், விருப்பம் இருக்கிறவர்கள் சேரலாம் என்று அறிவித்தார்கள். அன்று மத்தியானமே கேன்டீனில் அதற்கு ஒட்டுக்காது என்று பெயர் வைத்தாயிற்று.

"இன்னிக்கு மறதியைக் கேக்கும். நாளைக்கு நம்ம மீட்டிங்கைக் கேக்கும். நாளன்னிக்கு உனக்கு மூளை சரியில்ல, வீட்டுக்குப் போன்னு சொல்லும்," என்றார் ஊழியர் சங்கச் செயலாளர்.

"தெரிஞ்சு என்னத்தைப் பண்ணப் போறோம்? தெரியாம இருக்கிற வரைக்கும் நிம்மதி," என்றார் கேன்டீன்காரர்.

"எனக்கு எதுக்குங்க அது? என் பொண்டாட்டி ஏற்கெனவே அதைத்தான் பண்றா. நான் எதை மறந்தாலும் அடுத்த நிமிஷமே ரிப்போர்ட் வந்துடும்," என்றார் வாசல் செக்யூரிட்டி. எல்லோரும் சிரித்தார்கள்.

மருந்தகத்து அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கம்மாவுக்கு நாங்க கண்டுபிடிச்சப்ப அவங்களுக்கு என்னையே தெரியல. அப்ப இப்படி ஒண்ணு இருந்திருந்தா கால்ல விழுந்தாவது வாங்கியிருப்பேன்," என்றாள். பிறகு சங்கச் செயலாளர் இருமினார், பேச்சு வேறு பக்கம் போனது.

எக்ஸ்சேஞ்ச் அக்காவுக்கு ஒட்டுக்காது அறவே பிடிக்கவில்லை. முப்பது வருஷமாக அடுத்தவர் பேச்சைக் கேட்காமல் இருக்கப் பழகியவள் அவள். கேட்பதையே தொழிலாக வைத்துக்கொண்டு ஒன்று வந்தால் எப்படிப் பிடிக்கும்? ஆனால் டாக்டரம்மா கெட்டிக்காரி. நேரே எக்ஸ்சேஞ்சுக்கே வந்து, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்க சேர்ந்தா எல்லாரும் சேருவாங்க. உங்களைத்தான் எல்லாரும் நம்புறாங்க."

"நான் எதுக்கு டாக்டர்? எனக்கு இங்க இருக்கிற நம்பரெல்லாம் தூக்கத்துல கேட்டாலும் வரும்."

"அதனாலதான் கேக்கிறேன். நல்லா இருக்கிறவங்க பேச்சு எப்படி இருக்கும்னு அதுக்குத் தெரியணும்ல? ஒருத்தரும் உங்க பேச்சைக் கேக்க மாட்டோம். எனக்கே வெறும் அளவுதான் வரும். ரிசல்ட் உங்களுக்கு மட்டும். எல்லாம் நல்லா இருந்தா நான் கூப்பிடவே மாட்டேன். ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சாத்தான் கூப்பிடுவேன்."

நல்லா இருக்கிறவங்க என்ற ஒரு வார்த்தையில் அக்கா குளிர்ந்துபோனாள். புகழ்ச்சியில் குளிராதவர் யார்? சம்மதித்தாள். எந்தப் பேச்சைக் கொடுப்பது என்று யோசித்தாள். வேலை நேரத்துப் பேச்சு நோயாளிகளுடையது, அதைக் கொடுக்கக் கூடாது. மகளோடு பேசுவது மகளுடைய விஷயம். மிச்சம் இருப்பது மத்தியானப் போன். கேட்கப்போவது தன் குரலைத்தானே, அவரிடம் இதையெல்லாம் சொல்லுவானேன் என்று விட்டுவிட்டாள். சொன்னால் அதற்கே ஒரு மணி நேரம் பேசுவார்.

மாதங்கள் போயின. போனில் ஒட்டுக்காது இருப்பதே அவளுக்கு நினைவில்லை. ஒருநாள் காலை பலகையில் ஞாபக மறதிப் பிரிவின் விளக்கு எரிந்தது.

"எக்ஸ்சேஞ்ச்," என்றாள்.

"குட்மார்னிங். எக்ஸ்சேஞ்ச் அக்கா இருக்காங்களா? அவங்ககிட்ட கொஞ்சம் பேசணும்," என்றார் டாக்டரம்மா.

நல்லா இருந்தா கூப்பிடவே மாட்டேன் என்று சொன்னவர் கூப்பிடுகிறார். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். அவள் பெயரே ஜலதோஷம்தான். அவள் குரலில் அக்கா பதில் சொன்னாள்: "அக்கா சாப்பிடப் போயிருக்காங்க டாக்டர்."

"காலையில ஒன்பது மணிக்கா?"

"இன்னிக்கு சீக்கிரமே பசிச்சுடுச்சாம்."

வைத்துவிட்டாள். பக்கத்தில் நிஜமான ஜலதோஷம் வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "என் மூக்கை ஏன்கா வம்புக்கு இழுக்கறீங்க?" என்றாள். அக்கா அடுத்த விளக்கின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த சில நாட்கள் நரகம். அக்கா தன்னையே வேவு பார்க்க ஆரம்பித்தாள். பஸ்ஸில் நின்றபடி எல்லா வார்டு நம்பர்களையும் முணுமுணுத்தாள். வீட்டைப் பூட்டியதும் ஒரு தரம், தெருமுனைக்குப் போனதும் ஒரு தரம் கைப்பையில் சாவியைத் தடவிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரியின் பேத்தி பெயர் ஒரு கணம் வராமல் போனதற்கு அன்று முழுக்க அழுகை முட்டிக்கொண்டு நின்றது. டாக்டரம்மா மறுபடி கூப்பிட்டார். அக்கா மறுபடி மூக்கைப் பிடித்தாள். அக்கா லீவு என்றாள். அதற்கடுத்த நாள் அக்கா மீட்டிங்கில் இருக்கிறாள் என்றாள். எக்ஸ்சேஞ்சில் என்ன மீட்டிங், யாரோடு மீட்டிங்? பயந்துபோன மனசு பொய்யைக்கூட உருப்படியாகச் சொல்லாது.

அவளுக்கு அந்த நாற்காலிதான் எல்லாம். நம்பரை மாற்றிக் கொடுக்கிற ஆபரேட்டரை எந்த ஆஸ்பத்திரி வைத்துக்கொள்ளும்? பிரசவ வார்டுக்குக் கூப்பிட்டவரைப் பிணவறைக்கு இணைத்துவிட்டால்? ரிசல்ட் யாரிடமும் போகாது என்று டாக்டர் சொன்னால் போதுமா? தனக்கே தெரிந்த பிறகு எந்த முகத்தோடு அந்தப் பலகை முன்னால் உட்காருவது?

கடைசியில் ஜலதோஷம்தான் பொறுக்க முடியாமல் பொங்கினாள். "அக்கா, நீங்க என் குரல்ல பேசிப் பேசி, நேத்து டாக்டரம்மா என்னை லிஃப்டுல பார்த்து, நீ ஏம்மா பொய் சொல்றேன்னு கேட்டுட்டாங்க. எனக்கு மானம் போச்சு. இப்ப எழுந்திரிங்க. போர்டை நான் பாத்துக்கறேன்." கையைப் பிடித்து எழுப்பி, வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் விட்டாள்.

டாக்டரம்மாவின் அறையில் அக்காவுக்குப் பரிசோதனை நடந்தது. சில வார்த்தைகளைச் சொல்லிக் கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். எண்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். அக்கா பயத்தில் வியர்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தாள். டாக்டரம்மாவின் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"அக்கா, உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. என்னைவிட நல்லா இருக்கீங்க. அப்புறம் ஏன் வார்த்தைக்குத் தடுமாறுறீங்கன்னு இது காட்டுது?" என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க அனுமதி கொடுத்தா உங்க போன்ல பதிவாகியிருக்கிற ஒரே ஒரு பேச்சை மட்டும் போட்டுக் கேக்கலாமா? வேற வழி தெரியல."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்திருந்தது. "தாராளமாக் கேளுங்க டாக்டர்," என்றாள்.

ஸ்பீக்கரில் பிரேக் மாஸ்டரின் குரல் வந்தது. ஓர் ஆளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுநடுவே டப்பா மூடி உருளும் சத்தம், கரண்டிச் சத்தம், "ம்", மறுபடி "ம்".

"இது யாருக்கா?"

"எங்க வீட்டுக்காரர்."

"நீங்க எங்க பேசறீங்க?"

"நான் எங்க டாக்டர் பேசறது? அவர்தான் பேசுவார்."

டாக்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். அதிகம் பேசுகிற குரல்தான் போனுக்குச் சொந்தக்காரரின் குரல் என்று ஒட்டுக்காது முதல் நாளே முடிவுகட்டியிருக்கிறது. தன் போனில் தான் பேசாமல் 'ம்' மட்டும் போடுகிற ஒரு ஜீவன் இந்த உலகத்தில் இருக்கும் என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. அதுவும் அந்த ஜீவன் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கும் என்று யார் கண்டார்கள்!

அக்காவுக்குச் சிரிப்புதான் வந்தது. வாயைத் திறந்து சிரிக்கப் போனாள். அதற்குள் ஸ்பீக்கரில் அவர் தொடர்ந்தார்: "...நான் சொல்லிட்டே இருக்கேன், அதை மிதிங்க சார், அதை மிதிங்கன்னு. அந்த... இடது கால்ல... அந்த..."

"கிளட்ச்," என்றது அவளுடைய குரல், வாயில் சோற்றோடு.

"ஆங், கிளட்ச். மிதிக்கவே மாட்டேங்கிறான். அப்புறம் நான் சைடுல இருக்கிற, அந்தப் பின்னாடி பாக்கிற..."

"கண்ணாடி."

"கண்ணாடியில பாக்கிறேன், பின்னாடி பஸ் வருது..."

அக்காவின் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. வாழ்க்கை முழுக்கக் கிளட்சோடு வாழ்ந்த மனிதருக்குக் கிளட்ச் என்ற வார்த்தை வரவில்லை. அது வரவில்லை என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அவர் தடுமாறிய ஒவ்வொரு இடத்திலும் அவள் இணைப்புக் கொடுத்திருக்கிறாள். பதறிப் போன் பண்ணுகிற யாரோ ஒருவருக்குக் கொடுப்பது போலவே, யோசிக்காமல், உடனுக்குடன். எத்தனை நாளாகவோ. தன் கையால் தானே மூடி மறைத்திருக்கிறாள்.

டாக்டரம்மா சட்டென்று நிறுத்தினார். "அக்கா, இதை நான் கேட்டிருக்கவே கூடாது. அவர் சம்மதிக்கல. இதை வச்சு அவரைப் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாது. தப்பு எங்க மேலதான். எல்லாத்தையும் அழிச்சுடறேன்."

"அழிச்சுடுங்க டாக்டர். ஆனா நான் கேட்டுட்டேனே," என்றாள் அக்கா.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவளுக்குத் தன் வேலை, தன் நாற்காலி எல்லாம் எங்கோ போயிருந்தது. இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது என்ற ஒன்றுதான் மிச்சம். மெஷினுக்கு முன்னால் தெரியாமல் அவர் வாயைக் கொண்டுபோய் வைத்துவிட்டோம் என்று சொன்னாலே எகிறுவார். உங்களுக்கு மறதி ஆரம்பித்திருக்கலாம் என்று வேறு சொன்னால்? அதற்குமேல் காரில் அவர் பக்கத்தில் தினமும் யாரோ ஒரு புது ஆள் உட்காருகிறான், அவன் ஓட்டும் தெருவில் ஜனங்கள் நடக்கிறார்கள். அவர் காலடியில் இருக்கும் பிரேக்கை நம்பித்தான். சொல்லாமலும் இருக்க முடியாது.

அவர் சமையலறை மேஜையில் செய்தித்தாளை விரித்து, வேலைக்குப் போட்டுப்போகும் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். மிதி நன்றாகத் தெரியவேண்டும் என்று மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூதான் போடுவார். அக்கா எதிரே உட்கார்ந்தாள். இணைப்புக் கொடுக்க மட்டுமே பழகிய வாய், ஆரம்பிக்கத் தெரியாமல் திணறியது. பிறகு ஒட்டுக்காதிலிருந்து கிளட்ச் வரைக்கும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

அவர் எகிறவில்லை. ஷூவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

"திட்டணும்னா திட்டிடுங்க. உங்களைக் கேக்காம பண்ணது தப்புதான்," என்றாள்.

"நீ எடுத்துக் கொடுத்தியா?" என்றார் மெதுவாக. "நான் தடுமாறும்போதெல்லாம்?"

"எனக்கே தெரியலங்க. வாயில தானா வந்துடுது."

அவர் ஷூவைக் கீழே வைத்தார். "ஒரு வருஷமா எனக்கு ஒரு பயம்மா. வண்டியில உக்காந்து ஏதோ சொல்ல வருவேன், வார்த்தை வராது. பசங்க சிரிப்பாங்க, நானும் சிரிச்சுடுவேன். அதனாலதான் மெயின் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போறதை நிறுத்திட்டேன். முட்டி வலின்னு ஓனர்கிட்ட பொய் சொல்லிட்டு மைதானத்துலயே சுத்த வைக்கிறேன்."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அதுக்குத்தான் தினம் உனக்குப் போன் பண்ணினேன்." கை விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "காலையில நடந்ததெல்லாம் உங்கிட்ட ஒழுங்கா சொல்லி முடிச்சுட்டா, இன்னிக்கு நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம். நீ எவ்வளவு உஷாரான ஆளு! நான் எங்கயாவது விட்டா நீ கண்டுபிடிச்சுடுவேன்னு நம்பினேன். தினமும் நீ ம் போட்டே. நானும் சரி, இன்னிக்குப் பாஸ்னு போனை வச்சிடுவேன்."

அவர் தினமும் எழுதிய பரீட்சைக்குத் தினமும் அவளே பிட் கொடுத்திருக்கிறாள்! அக்கா மேஜைக்கு மேல் கையை நீட்டி, ஷூ பாலிஷ் படிந்த அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த மெஷின் சொல்லிடுச்சே, நல்லதாப் போச்சு. என்னால சொல்லியிருக்கவே முடியாது," என்றார். பிறகு பழைய பிரேக் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "ஆனாலும் உன் போன்ல என் வாயை வச்சு உன் மூளையைப் பாத்திருக்காங்களே, இதுக்கு யாரைம்மா திட்டறது?"

மறுநாளே இருவரும் போனார்கள். இந்த முறை சம்மதம் கேட்டு, அவர் கையெழுத்துப் போட்டு, எல்லாம் முறையாக நடந்தது. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கேள்வியாகக் கேட்டார்கள். தைராய்டு வெகுவாகக் குறைந்திருந்தது. அதுவே மூளையை மந்தமாக்கும், மாத்திரை போட்டால் ஒரு பங்கு சரியாகும் என்றார் டாக்டரம்மா. மிச்சப் பங்கை அவர் பூசி மெழுகவில்லை. "மறதி நோய் ஆரம்பிக்கிறதுக்கும் வாய்ப்பிருக்கு. இப்பவே உறுதியாச் சொல்ல முடியாது. அடிக்கடி பாத்துக்கலாம். ஆனா ரொம்ப ரொம்பச் சீக்கிரம் வந்துட்டீங்க. இவ்வளவு ஆரம்பத்துல என்கிட்ட வர்றவங்களே இல்ல. எங்க தப்பால வந்தீங்க, அதுக்கு மன்னிச்சுடுங்க," என்றார்.

"தப்பு பண்ணினீங்க சரி," என்றார் அவர். "ஆனா சரியான வீட்டுக் கதவையே தட்டியிருக்கீங்க. ரொம்ப நன்றி டாக்டர்." கைகூப்பினார். டாக்டரம்மா எழுந்து நின்றுவிட்டார்.

டிரைவிங் ஸ்கூல் ஓனரிடம் அவரே போய்ச் சொன்னார். முட்டி வலி பொய், தலையில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டாராம். ஓனர் ஒரு நிமிஷம் திகைத்து உட்கார்ந்திருந்துவிட்டு, "அப்ப வண்டி வேணாம் மாஸ்டர். உள்ள உக்காந்து போர்டு, சிக்னல், ரோடு ரூல்ஸ் வகுப்பு எடுங்க. உங்களை மாதிரி பேச எனக்கு யாரு இருக்கா?" என்றாராம். வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று மாஸ்டர் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் வகுப்பில் சிக்னலை வைத்து யாரையோ சிரிக்க வைத்துவிட்டு வந்தார். அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

விஷயம் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவாமல் இருக்குமா? அக்கா சொல்லவில்லை, ஜலதோஷமும் சொல்லவில்லை. மாஸ்டரேதான், ரத்தப் பரிசோதனைக்கு வந்த இடத்தில் கேன்டீனில் உட்கார்ந்து நாலு பேரிடம் முழுக்கதையையும் நடித்துக் காட்டிவிட்டார். சங்கச் செயலாளர் துள்ளிக் குதித்தார். "பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன். கையெழுத்துப் போட்டது ஒருத்தர், மாட்டினது இன்னொருத்தர்!" கேன்டீன்காரர் பழைய பாட்டையே பாடினார். மருந்தகத்து அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதைத் தொடரலாமா வேண்டாமா என்று நிர்வாகம் ஒரு கூட்டம் போட்டபோது, எல்லோரும் அக்காவின் வாயைப் பார்த்தார்கள்.

கூட்டத்தில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. எழுந்து நின்று புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "சங்கத்துக்காரர் சொல்றது சரிதான். எங்க வீட்டுக்காரர்கிட்ட கேக்காம அவர் பேச்சை எடுத்தது தப்பு. லைன்ல ரெண்டு முனை இருக்கு, ரெண்டு பேரையும் கேட்டுட்டு ஆரம்பிங்க. வர்ற முடிவு அந்த ஆளைத் தவிர ஆபீஸுல ஒருத்தருக்கும் போகக் கூடாது, அதை எழுதிக் கொடுங்க. ஆனா இதை நிறுத்தினா நான் ஒத்துக்க மாட்டேன். கூடவே இருந்து, கூடவே சாப்பிட்டு, எனக்குத் தெரியல. அதுக்குத் தெரிஞ்சுது. நான் அதுக்குக் கடமைப்பட்டிருக்கேன்." உட்கார்ந்துவிட்டாள். இரண்டு முனையிலும் சம்மதம் என்பதைச் சங்கச் செயலாளரே எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் அவரும் செயலியைப் போட்டுக்கொண்டார் என்று கேள்வி. வெளியே மட்டும் சொல்லிக்கொள்வதில்லை.

மாத்திரை வேலை செய்தது. மாஸ்டரின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது, மத்தியானத் தூக்கம் குறைந்தது. வார்த்தைகள் முன்னைப்போல முழுசாக வந்தன என்று சொல்ல முடியாது. சில வந்தன, சில வரவில்லை. வீட்டில் அவர் ஒரே ஒரு சட்டம் போட்டார். "இனிமே நீயா எடுத்துக் கொடுக்காதே. வருதா இல்லையான்னு எனக்குத் தெரியணும்." அக்கா ஒப்புக்கொண்டாள். சொல்வது எளிது. முப்பது வருஷத்து நாக்கைக் கட்டிப்போடுவது அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. முதல் சில நாட்கள் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் சமாளித்தாள்.

நேற்று அவர் கூப்பிட்டபோது ஜலதோஷமும் அவளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளும் இருப்பதைச் சொல்லி, அவர் சரி என்ற பிறகுதான் அக்கா ஸ்பீக்கரைப் போட்டாள். வகுப்பில் ஒரு பெரியவர் கேட்ட கேள்வியைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அவர் கேக்கிறார், நாலு பக்கமும் ரோடு வந்து சேருதே, நடுவுல வட்டமா ஒண்ணு இருக்குமே, அதைச் சுத்திதானே போகணும், அந்த... அதுக்கு..."

நின்றுவிட்டது. லைனில் மூச்சுச் சத்தம் மட்டும். ஜலதோஷம் வாயைத் திறந்தாள். அக்கா கையை உயர்த்தி அவளை அடக்கினாள். சொல் அக்காவின் நாக்கு நுனியில் நின்றுகொண்டிருந்தது, பல்லைக் கடித்து அதை அங்கேயே நிறுத்தி வைத்தாள். அவர் தேடுவது அவளுக்குக் கேட்டது. அவள் அவசரப்படவில்லை. அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும் என்று போனையே பார்த்தபடி இருந்தாள்.

"வரலம்மா," என்றார் அவர் கடைசியில். குரலில் பயம் இல்லை, நடிப்பும் இல்லை. பக்கத்தில் இருக்கிறவளிடம் தண்ணீர்ச் செம்பை நகர்த்தச் சொல்வது போலக் கேட்டார். "நீயே சொல்லேன்."

"ரவுண்டானா," என்றாள் அக்கா. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் அந்த ஒரு வார்த்தையை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"அதேதான், ரவுண்டானா! அதுல முதல்ல யாரு போகணும்னு கேக்கிறார். நான் சொன்னேன்..." என்று அவர் தொடர்ந்தார். கேட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஒரு வருஷம் தனியாக ஒளித்து வைத்துக்கொண்டு தவித்த மனிதர், வராத வார்த்தையை இப்போது வாய்விட்டுக் கேட்கிறார்.